ஓட்டக்காரனின் இரவும் ஐந்து மணித்தியாலக் கணக்கும்
இந்தியக் கிராமத் தபாலூழியரின் ஊதியமும் வேலை நேரமும் பற்றிய ஒரு நோக்கு

தபாற் சேவையின் வரலாறு பொதுவாக முத்திரைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1854ஆம் ஆண்டு டல்ஹௌசிப் பிரபுவின் காலத்தில் இந்தியத் தபாற் சட்டம் நிறைவேற்றப்பட்டதையும், அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் தூரத்தைப் பாராது அரை அணாக் கட்டணத்திற் கடிதம் செல்லத் தொடங்கியதையும் எந்தப் பாடநூலிலும் காணலாம். கடிதத்தின் விலையிலிருந்து தூரம் நீக்கப்பட்டது. ஆயின், அதைச் சுமந்து சென்றவனின் கால்களிலிருந்து தூரம் நீங்கவில்லை. அவனது நாள் எவ்வாறு அளக்கப்பட்டது, அந்த அளவுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற வினாவைத் தபால் வரலாற்றாசிரியர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினாவைப் படைப்பிலக்கியம் எழுப்பியிருக்கின்றது என்பதே இலக்கிய மாணவனான என்னை இப்பொருளுக்கு இட்டுவந்தது.

மூன்று எழுத்தாளரை ஈண்டு அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. 1886இல் வெளிவந்த தொகுதியொன்றில் கிப்ளிங், மலைநாட்டுக்குத் தபால் சுமந்தோடும் ஓட்டக்காரனைப் பாடினார். வெள்ளம், புயல், புலி, கள்வர் எவையும் அவனுக்குச் சாக்காகா. பேரரசியின் பெயரால் அவன் ஓடியே தீரவேண்டும். கவிதையின் தாளமே அவனது ஓட்டமாகிவிடுகின்றது. அவ்வளவு இலாகவமான தாளத்தினிடையே அவனுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், வீடு என்று ஒன்று உண்டா என்பன கேட்கப்படுவதில்லை. கடமை மட்டுமே உண்டு. கடமையாற்றுபவனுக்கு நாள் இல்லை.

தாகூர் 1891இல் எழுதிய 'போஸ்ட்மாஸ்டர்' என்ற சிறுகதையில், கல்கத்தாவிலிருந்து ஒரு சிற்றூருக்கு வந்து சேரும் இளைஞன் தபாலதிபராக அமர்கின்றான். அவ்வூரில் தபாலகம் எவ்வாறு தோன்றியது என்பதைத் தாகூர் ஒரே வாக்கியத்திற் சொல்லிச் செல்கின்றார்: அருகிலிருந்த அவுரித் தொழிற்சாலையின் துரை அதனை ஏற்படுத்துவித்தார். காலனித்துவப் பொருளாதாரத்துக்கும் கிராமத் தபாலுக்குமிடையிலான தொடர்பு அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றது. இளைஞனின் சம்பளமோ சொற்பம், தானே சமைத்துண்கின்றான். இறுதியிற் பதவியைத் துறந்து போய்விடுகின்றான். போவதற்கு அவனுக்கு ஓர் இடமிருந்தது.

சுகாந்த பட்டாச்சார்யாவின் 'ரன்னர்' என்ற வங்காளக் கவிதையிலேதான் ஓட்டக்காரனுக்கு முதன்முதலாக ஓர் இரவு கிடைக்கின்றது. 1926இற் பிறந்து, பொதுவுடைமை இயக்கத்தில் ஊறி, காசநோயால் 1947இல் இருபது வயதில் மறைந்த இக்கவிஞர், கிப்ளிங் பார்க்க மறுத்தவற்றைப் பார்த்தார்: முதுகிலே பணப்பொதி, வயிற்றிலே பசி, தொடமுடியாத அப்பணம், விடியும்வரை விழித்திருக்கும் மனைவி. சலில் சௌதுரி இசையமைக்க ஹேமந்த முகர்ஜி பாடியதால் வங்காளமெங்கும் பரவிய பாடல் இது. சுகாந்தர் வாழ்ந்த நாட்களிலேயே, 1946 யூலையில், இந்தியா முழுவதிலும் தபாலூழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஆதரித்து அம்மாதம் 29ஆந் திகதி கல்கத்தா நகரம் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கவிதையும் போராட்டமும் ஒரே காலத்தின் குழந்தைகள்.

சுகாந்தர் காட்டிய இரவு அரசின் கணக்கேட்டில் எவ்வாறு பதியப்பட்டது? இனி இதனைக் காண்போம்.

இந்தியத் தபாற்றுறையின் கிராமப் பிரிவு, துறையின் நிரந்தர ஊழியரால் நடத்தப்படுவதன்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட தபாலகங்களுட் பெரும்பான்மையானவை கிராமங்களிலுள்ள கிளைத் தபாலகங்களாகும். இவற்றை நடத்துபவரும், பொதியைச் சுமந்து வருபவரும், வீடு வீடாகக் கடிதம் கொடுப்பவரும் நெடுங்காலம் 'துறைப்புற முகவர்' என்று அழைக்கப்பட்டனர். பெயரிலேயே அவர்கள் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இம்முறையின் தொடக்கம் 1854 எனத் துறையே கூறிவந்துள்ளது. அதன் தத்துவம் எளிமையானது. ஊரிலே ஓரளவு எழுத்தறிவும் போதிய பிழைப்பு வசதியும் உடைய பள்ளியாசிரியர், கடைக்காரர், நிலச்சொந்தக்காரர் போன்றோர் தம் ஓய்வு நேரத்தில், சமூக சேவையாகவும் சிறு வருமானத்துக்காகவும் தபால் வேலையைச் செய்வர். சிக்கனமும் திறமையும் கலந்த ஏற்பாடு என்று இதனைப் புகழ்ந்தனர்.

இந்த ஏற்பாட்டில் மறைந்திருக்கும் எடுகோள் ஒன்றுண்டு. தபால் வேலை செய்பவரின் உயிர்வாழ்வுக்கான செலவை வேறெதுவோ ஏற்றுக்கொள்கின்றது என்பதே அது. நிலச்சொந்தக்காரருக்கு நிலம்; கடைக்காரருக்குக் கடை; ஆசிரியருக்குப் பள்ளிச் சம்பளம். எனவே தபாற்றுறை முழு மனிதனுக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. அவனது நாளின் ஒரு துண்டுக்கு மட்டும் ஒரு படி கொடுத்தாற் போதும். அரை நிலமானியக் கிராமத்தின் மேல் நவீன அரசு தன் தபால் வலையை விரித்தது இவ்வாறுதான். உழைப்புச் சக்தியை மீளுற்பத்தி செய்யும் செலவு கிராமத்தின் தலையிலே சுமத்தப்பட்டது.

இந்த எடுகோள் 1854இல் எவ்வளவு உண்மையோ, இன்று அது பொய் என்பதில் ஐயமில்லை. இப்போது இவ்வேலைக்கு 10ஆம் வகுப்புப் பரீட்சைப் புள்ளிகளின் அடிப்படையில் ஆட்சேர்ப்பு நடைபெறுகின்றது. விண்ணப்பிப்பவர் நிலச்சொந்தக்காரரல்லர், வேலை தேடும் இளைஞரும் யுவதிகளுமே. ஆயினும் 2011ஆம் ஆண்டு விதிகள், பணியேற்பவர் போதிய பிழைப்புக்கு வேறு வருமான வழி உடையவராயிருத்தல் வேண்டும் என்று கூறின. நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கப்படாது என்றும், பணியாளர் ஒன்றியத்தின் குடிசார் சேவைக்கு வெளியே உள்ளவர் என்றும், அரச ஊழியரோடு சமநிலை கோரலாகாது என்றும் அதே விதிகள் அடுத்தடுத்துச் சொல்லின. இவை தனித்தனி விதிகள் போலத் தோன்றினும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஐந்து மணித்தியாலமே வேலையாதலால் அவர் முழு ஊழியரல்லர். முழு ஊழியரல்லராதலால் வேறு வருமானம் வேண்டும். வேறு வருமானம் இருப்பதாற் சமநிலை வேண்டியதில்லை. அளவையியலில் இதனை வட்ட நியாயம் என்பர்.

விதிகளின் தலைப்புகளிலும் ஒரு சிறு வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டு விதிகள் 'ஒழுக்கமும் சேவையும்' பற்றியன. 2001இல் 'முகவர்' என்ற பெயர் நீங்கி 'கிராமிய டாக் சேவக்' என்ற பெயர் வந்தது. விதிகள் 'ஒழுக்கமும் வேலைக்கமர்த்தலும்' ஆயின. 2011இல் அவை 'ஒழுக்கமும் ஈடுபடுத்தலும்' என்று மாறின. சேவை, வேலை, ஈடுபடுத்தல் என்று சொல் படிப்படியாகத் தேய்ந்து வந்ததை மொழியியலாளர் எவரும் தம் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளலாம். முகவர் தொழிலாளியல்லர், சேவகரும் தொழிலாளியல்லர். பெறும் பணத்துக்குக்கூடச் சம்பளம் என்று பெயரில்லை. 1998இலிருந்து அது 'நேரஞ்சார் தொடர்ச்சிப் படி' எனப்படுகின்றது.

நீதிமன்றங்கள் இவ்விடத்தில் ஒரே குரலிற் பேசவில்லை. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், துறைப்புற முகவர் தற்காலிகக் கூலியல்லர், அரசின் கீழ் ஒரு பதவியை வகிப்பவர் என்று தீர்ப்பளித்தது. விளக்கம் கோராது வேலைநீக்கம் செய்வதிலிருந்து அரசியலமைப்பின் 311ஆம் உறுப்புரை தரும் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்தது. 1996இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, பள்ளியாசிரியரும் கடைக்காரரும் பற்றிய பழைய தத்துவத்தை எடுத்துக்காட்டி, தபாற்றுறை தொழிற் பிணக்குச் சட்டத்தின் பொருளில் ஒரு 'தொழில்' ஆகாது என்றது. 1997இல் பெரிய அமர்வொன்று அக்கருத்தைத் தவறென்று தள்ளியது. பதவி உண்டு என்று ஏற்றுக்கொண்ட 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நாளின் நீளத்தைத் தொடவில்லை.

இனி எண்களுக்கு வருவோம். 2018 யூன் 6ஆந் திகதி மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டின்படி, கிளைத் தபாலதிபருக்கு 4 மணித்தியால வேலைக்கு மாதம் 12,000 ரூபாவும், 5 மணித்தியால வேலைக்கு 14,500 ரூபாவும் ஆரம்பப் படியாக நிர்ணயிக்கப்பட்டன. துணைக் கிளைத் தபாலதிபர், டாக் சேவக் ஆகியோருக்கு முறையே 10,000, 12,000 ரூபாக்கள். அகவிலைப்படி தனி. அதே காலத்தில் ஏழாவது சம்பள ஆணைக்குழுவின்படி மத்திய அரசின் அடிமட்ட ஊழியரின் ஆரம்பச் சம்பளம் 18,000 ரூபா. துறையின் நிரந்தரத் தபாற்காரருக்கு 21,700 ரூபா.

இவ்வெண்களைப் பார்த்ததும், கிராமத் தபாலூழியருக்குக் கொடுக்கப்படும் வீதம் குறைவு என்று கூறிவிடத் தோன்றும். முற்போக்கு ஏடுகளிலும் அவ்வாறே எழுதப்படுகின்றது. சற்று நிதானித்துக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். நாலு மணித்தியாலத்துக்குப் பத்தாயிரம் என்றால், நாளின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மாதம் 2,500 ரூபா. எட்டு மணித்தியாலம் உழைக்கும் அடிமட்ட அரச ஊழியருக்கு அதே கணக்கில் 2,250 ரூபா. நிரந்தரத் தபாற்காரருக்கு ஏறக்குறைய 2,712. ஐந்து மணித்தியாலக் கிராம ஊழியருக்கு 2,400. அதாவது ஆரம்பப் படியை மட்டும் பார்த்தால் வீதத்திற் பெரிய அநீதி இல்லை. அரசு தன் நியாயத்தைக் காட்ட விரும்பினால் இக்கணக்கையே காட்டலாம். ஓய்வூதியம் போன்றவற்றிலுள்ள வேறுபாடு பெரிது. அது வேறு விடயம்.

எனவே அநீதி மணித்தியாலத்தின் விலையிலன்று, மணித்தியாலத்தின் எண்ணிக்கையிலே உள்ளது. இந்த வேறுபாட்டை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாந் தொகுதியில் நேரக்கூலி பற்றிய அத்தியாயத்தில் விளக்கியிருக்கின்றார். நாட்கூலி என்பது தொழிலாளியின் ஒரு நாள் வாழ்வுக்கு வேண்டியதை ஈடுசெய்ய வேண்டும். கூலியை மணித்தியாலக் கணக்கிற் பிரித்து, எத்தனை மணித்தியாலம் கொடுப்பது என்பதை முதலாளியே தீர்மானிப்பதென்றால், அந்த அலகு பொருளற்றதாகிவிடும். மணிக்குரிய வீதம் நியாயமாகவே தோன்றும். நாளின் வருமானமோ உயிர்வாழப் போதாது. மிகையுழைப்பால் மட்டுமன்றிக் குறையுழைப்பாலும் தொழிலாளி நசுக்கப்படுவான் என்பது மார்க்ஸ் காட்டும் நுட்பம். 1860இல் இலண்டன் கட்டடத் தொழிலாளர் மணித்தியாலக் கூலிமுறையை எதிர்த்துக் கிளர்ந்தமை முற்றிலும் நியாயமானது என்று அவர் அவ்விடத்திலேயே குறிப்பிடுகின்றார். நம்மிற் பலர் மிகை உழைப்பு நேரத்தை மட்டும் சுரண்டலாகக் காணப் பழகிவிட்டோம். ஐந்து மணித்தியாலம் மட்டுமே எண்ணப்படுவதும் சுரண்டலின் ஒரு வடிவமாகும்.

ஆனால் இந்தியக் கிராமத்தில் நடப்பது மார்க்ஸ் சொன்ன குறையுழைப்பைவிடச் சிக்கலானது. எண்ணப்படுவது நாலோ ஐந்தோ. வாழப்படுவது முழு நாள். பொதி காலையிற் பேருந்தில் வந்து, மாலையில் திரும்பிச் செல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள நேரம் தபாலூழியருடையதா, துறையுடையதா? பேருந்து பிந்தினால் அந்தக் காத்திருப்பு யாருடைய கணக்கில்? ஊரை விட்டு நகரத்துக்குச் சென்று வேறு வேலை செய்ய முடியாது. தபால் வழங்கும் எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பதும் விதி. கிளைத் தபாலதிபர் அலுவலகத்துக்கான இடத்தையும் தாமே ஒழுங்கு செய்துகொள்ளல் வேண்டும். வேறு வருமானம் வேண்டும் என்று கேட்கும் துறை, அவ்வருமானத்தைத் தேடும் வழியை இவ்வாறு ஒடுக்கிவிடுகின்றது.

வேலையை அளக்கும் முறையே இதன் உயிர்நிலை. நடந்த தூரம், வழங்கிய உருப்படிகள், கையாண்ட கொடுக்கல் வாங்கல்கள் ஆகியவை எண்ணப்பட்டு மணித்தியாலமாக மாற்றப்படுகின்றன. எண்ணப்படுவது கடிதம், மாற்றி எழுதப்படுவது நேரம். நேரக்கூலி என்று பெயர் பெற்றிருப்பது உண்மையில் உருப்படிக் கூலியே என்பது இதனாற் புலனாகும்.

அளப்பவர் பற்றி இலக்கிய வரலாறு தரும் சாட்சியம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் தபாற்றுறை அதிகாரியாக இருந்தவர். 1851 தொடக்கம் ஏறத்தாழ இரண்டாண்டுகள் மேற்கு இங்கிலாந்துக் கிராமங்களிற் குதிரையேறிச் சென்று கடிதக்காரரின் நடைவழிகளை வகுத்தார். நாளொன்றுக்கு 16 மைலுக்கு மேல் எவரையும் நடக்க வைத்தலாகாது என்பது விதி. இதனை ட்ரொலப் தம் சுயசரிதையில் மகிழ்ச்சியோடு விவரிக்கின்றார். அவருக்கு மைலுக்கு ஆறு பென்சு பயணப்படி கிடைத்தது. நடப்பவர் கால்நடையாகக் கடக்கவேண்டிய குறுக்கு வழிகளைத் தாம் குதிரைமீது இருந்தே அளந்ததால், சில வேளைகளிற் சிறிது அநியாயம் செய்திருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கின்றார். இந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். குதிரைமீது இருந்து அளக்கும் வழக்கம் அவரோடு முடிந்துவிடவில்லை என்பதே கவலைக்குரியது.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்றைத் தட்டிக்கழித்தல் கூடாது. தனிமனிதர் எழுதும் கடிதம் அருகிவிட்டது. பல கிளைத் தபாலகங்களில் ஐந்து மணித்தியால வேலையே இல்லை. எட்டு மணித்தியாலச் சம்பளம் எங்ஙனம் கொடுப்பது என்று கேட்கப்படுகின்றது. இதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயின் கடிதம் குறைந்த அதே ஆண்டுகளில் அரசு இவ்வலையின் மீது எவற்றை ஏற்றியது என்பதையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். 1995இலிருந்து கிராமியத் தபால் ஆயுட்காப்புறுதி; பின்னர் தேசியக் கிராமிய வேலை உறுதித் திட்டக் கூலியைத் தபாலகக் கணக்குகள் மூலம் கொடுத்தல்; முதியோர் உதவிப் பணம்; பெண்குழந்தைச் சேமிப்புக் கணக்கு; 2018 செப்டெம்பரில் தொடங்கப்பட்ட தபாற்றுறைக் கொடுப்பனவு வங்கியின் வீட்டுவாசற் சேவை; வணிகப் பொதிகள். காப்புறுதிக்கும் சேமிப்புக்கும் இலக்குகள் குறிக்கப்படுகின்றன. ஊர் ஊராகச் சென்று ஆள் பிடிக்கும் நேரம் நடைவழி அளவையில் அடங்காது. இன்னுமொன்று: வங்கியில்லாத ஊரில் ஒரு கதவு குறித்த நேரத்தில் திறந்திருப்பதே ஒரு சேவை. தீயணைப்புப் படையினருக்குத் தீப்பற்றிய நிமிடங்களுக்கு மட்டும் எவரும் கூலி கொடுப்பதில்லை.

குழுக்களுக்குக் குறைவில்லை. சம்பள ஆணைக்குழுக்களின் எல்லைக்குள் இவர்கள் சேர்க்கப்படாமையால், ஒவ்வொரு முறையும் தனிக்குழு அமைக்கப்பட்டு வந்துள்ளது. 1980களில் சவூர், 1990களில் ஓய்வுபெற்ற நீதிபதி தல்வார், அடுத்துவந்த பத்தாண்டில் நடராஜமூர்த்தி, 2016இல் அறிக்கையளித்த கமலேஷ் சந்திரா ஆகியோரின் குழுக்கள் குறிப்பிடத்தக்கன. நீதிபதியொருவர் தலைமையில் விசாரணை வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுவந்ததன் காரணம் விளங்காததன்று: துறையின் முன்னாள் அதிகாரி துறையை அளப்பது ட்ரொலப்பின் குதிரையை நினைவூட்டுவது.

கமலேஷ் சந்திரா குழுவின் பரிந்துரைகள் கிடப்பிற் போடப்பட்ட நிலையில், 2018 மே 22ஆந் திகதி கிராமத் தபாலூழியர் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிளைத் தபாலகங்கள் மூடப்பட்டன. தமிழகம் உட்படப் பல மாநிலங்களிற் கிராமத் தபால் முடங்கியது. ஓய்வு நேரத்திற் சமூக சேவை செய்யும் பிரமுகர்கள் என்று விதி கூறிய மனிதர், தாம் கூட்டாக நிறுத்தினால் மட்டுமே வெளித்தெரியும் உழைப்பைச் செய்துவந்தவர் என்பது அந்நாட்களிற் புலப்பட்டது. பதினாறாம் நாள் அமைச்சரவையின் முடிவு வெளிவந்தது. பதினொரு படிநிலைகள் ஒருங்கிணைக்கப்பட்டன. குறைந்தபட்ச நேரம் மூன்றிலிருந்து நாலு மணித்தியாலமாக உயர்ந்தது. ஆண்டுக்கு 3 வீத உயர்வு ஏற்கப்பட்டது. இது மெய்யான வெற்றி, குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எட்டு மணித்தியால நாளும் அரச ஊழியர் என்ற தகுதியும் ஓய்வூதியமும் ஆகிய கோரிக்கைகளோ எழுதப்பட்ட தாளிலேயே நின்றுவிட்டன. உச்ச எல்லையாகிய ஐந்து அசையவில்லை.

தமிழிலே 'அஞ்சல்' என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகின்றோம். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அது ஒரு துறையின் பெயராக இருந்தது. மணி கட்டிய கோலேந்தி ஓடியவர் அஞ்சலோட்டக்காரர் எனப்பட்டார். 1951இல் அத்துறை இந்தியத் தபாற்றுறையோடு இணைக்கப்பட்டது. மணியின் ஒலி கேட்டு வழி விலக வேண்டும் என்பது அக்கால ஒழுங்கு. ஓடியவன் எப்போது வருகின்றான் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை நேரம் ஓடினான் என்பதற்கு ஏடு இல்லை.

இன்று அவரது கையில் மணிக்கோல் இல்லை. மின்னணுக் கருவி இருக்கின்றது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அது நிகழ்ந்த நேரத்தோடு அதிற் பதிவாகின்றது. காலை முதற் பதிவு எப்போது, மாலை இறுதிப் பதிவு எப்போது என்பது துறையின் கணினியிலே கிடக்கின்றது. படி கணிக்கப்படுவதோ அந்தப் பதிவிலிருந்தன்று, நாலு அல்லது ஐந்து என்று முன்னரே எழுதப்பட்ட எண்ணிலிருந்து.